அப்பாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை

அக்கா, பதிமூன்றாம் நாள் சமையலுக்கு நீங்கள் மைசூரிலிருந்து கொண்டு வந்த பெரிய எவர்சில்வர் தூக்கு இங்கேயே தங்கிவிட்டது. தேய்த்து, துடைத்து, அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடியில் ஒரு நெளிசல் இருக்கிறது. அது முன்பே இருந்ததா, இங்கே வந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டீர்கள். "வித்யா, அப்பா கடைசியா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பது எனக்கே தெரியாது. ஆட்டோக்காரர் அவசரப்பட்டார், நீங்கள் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டீர்கள். கேள்வி மட்டும் போகவில்லை. எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது அக்கா. பதில் சொல்லிவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பதிலை மட்டும் தனியாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துண்டிருக்க மாட்டா" என்று உங்கள் சித்தி சொன்னபோது நீங்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். சித்தி சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு ஒரு வேளை காபி தாமதமானதில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை தவறியதில்லை. ரசத்தில் உப்பு அவருக்கென்று தனியாகக் குறைத்துத்தான் போட்டேன். என் மீது ஒரு குறை சொல்ல முடியாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

உங்கள் அப்பா கெட்டவர் இல்லை. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெட்ட மாமனாரை எப்படிச் சமாளிப்பது என்று கரூரில் எங்கள் அம்மா நிறையவே சொல்லி அனுப்பியிருந்தாள். நல்லவர் ஒருவர் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த ஃப்ரேசர் டவுன் வீட்டில் எனக்குக் கிடைத்த அறை, கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் படித்த அறை. தாழ்ப்பாள் இல்லாத அறை. "படிக்கற பொண்ணுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு" என்று அப்பா போடவே விடவில்லை என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். நான் வேலை செய்ததும் அங்கேதான். ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் கணினி மென்பொருளுக்கு உபயோகக் குறிப்புகள் எழுதும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கொடுத்திருந்தார்கள். மத்தியானம் ஆனால் லண்டனுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஹெலன் என்பவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். அவள்தான் எனக்கு மேலே. கல்யாணமாகி வந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

அப்பா நினைத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். விதான சௌதா தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவர். திருத்த ஃபைல் இல்லாமல் போனபோது வீட்டில் நான் இருந்தேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் படிப்பார். "இந்த இடத்துல 'விச்' போடாதே. 'தட்' போடு. ஒரு கமா தப்பா விழுந்தா ஒரு தாலுகாவே கைமாறிடும், தெரியுமோ?" எனக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் எனக்கே சொல்லுவார். சுஹாஸிடம் சொன்னால், "அப்பா எப்பவுமே அப்படித்தான், ஹோக்லி பிடு" என்பார். போகட்டும் விடு என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டால் உங்கள் தம்பிக்கு எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் ஹெலனோடு பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் இன்னொரு குரல் கேட்டது. அப்பா கூடத்துத் தொலைபேசியை எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வித்யா, 'டிஸ்கஸ் அபவுட்'னு வராது. 'டிஸ்கஸ்' மட்டும் போதும்." ஹெலன் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஹெலனிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். என் மாமனார் கொஞ்சம் அப்ட்ரூட் செய்பவர் என்று சொன்னேன். அது ஹெலனுடைய வார்த்தை. நம்முடைய குறிப்பு, படிப்பவர் கேட்கும்போது வர வேண்டும், அதுவரை அப்ட்ரூட் செய்யக் கூடாது என்று அடிக்கடி சொல்லுவாள்.

தொலைபேசியை வைத்ததும் அப்பா கதவருகே வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது வேறு.

"என்னமோ சொன்னியே, இன்ட்ரூடா?"

"இல்லப்பா. அப்ட்ரூட்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை. இது உங்க வீடு. உங்க வீட்டுல நீங்க எப்படி இன்ட்ரூட் பண்ண முடியும்? உரிமை இல்லாத எடத்துல நுழையறதுதான் அது. இது வேற. உரிமையெல்லாம் இருக்கும். ஆனா யாரும் கேக்காதபோது தன்னைத் தானே முன்னால கொண்டுவந்து நிறுத்திக்கறது."

"தன்னைத் தானேன்னு சேத்துத்தான் வருமா?"

"பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவா."

அவர் தன் அறைக்குப் போனார். ஓய்வு பெற்றபோது ஆபீசில் கொடுத்த தடி அகராதியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். "நீ சொன்னது சரி. இத்தனை வருஷம் டிராஃப்ட் எழுதியிருக்கேன். என்க்ரோச்மென்ட் போட்டிருக்கேன், ட்ரெஸ்பாஸ் போட்டிருக்கேன். இதை ஒரு ஃபைல்லகூட நான் போட்டதில்லை. இது ரொம்ப நாசூக்கு." அவர் கண்ணில் மரியாதை இருந்தது. எனக்கு அந்த வீட்டில் முதல்முதலாகக் கிடைத்த மரியாதை அதுதான்.

யோசித்துப் பாருங்கள் அக்கா. இதையே தமிழில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "தொந்தரவு பண்றேள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருமகள் வாயாடி. நீங்கள் மைசூரிலிருந்து ஓடி வந்திருப்பீர்கள். சுஹாஸ் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். அப்பா மறுநாளே மறந்துபோய் மறுபடி கதவைத் தள்ளியிருப்பார். தமிழில் திட்டுவதெல்லாம் அவருக்கு வீட்டுச் சத்தம், குக்கர் விசில் மாதிரி. ஆங்கிலத்தில் சொன்னால் அது உத்தரவு. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று சொல்லுவார்களே, அதுதான் நடந்தது. இங்கே பழமே ஊசியை மெச்சிக்கொண்டது.

மறுநாள் கதவில் விரலால் தட்டிவிட்டு, "மே ஐ அப்ட்ரூட்?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு "வாங்கோப்பா" என்றேன். சில வாரங்கள் அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. மாலையில் அவரோடு நடக்க வரும் கோவிந்தன் மாமாவிடம், "என் மாட்டுப்பொண் எனக்கு ஒரு வார்த்தை கத்துக் கொடுத்தா" என்று பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் தலைவலி. அவர் தட்டிக் கேட்டார். "இப்ப வேண்டாம்ப்பா" என்றேன். கதவு மூடியது. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. நான் காத்துக்கொண்டிருந்தேன், மறுபடி வருவார் என்று. வரவில்லை. அந்த மத்தியானம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அழுதுவிட்டேன், அத்தனை சந்தோஷம். தாழ்ப்பாள் இல்லாத அறைக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைத்துவிட்டது.

கிடைத்த பிறகு யார்தான் உபயோகிக்காமல் இருப்பார்கள்? கூடத்தில் டி.வி. சத்தம் தொலைபேசியில் கேட்கிறது என்றேன். "ஓ, அதுவும் அப்ட்ரூஷன்தானே" என்று அவரே அணைத்தார். சமையலறையில் வந்து பீன்ஸ் நறுக்கித் தருவார், நறுக்கும்போது விதான சௌதா கதைகளைச் சொல்லுவார். நான் சும்மா ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கோவிந்தன் மாமாவின் மகளுக்குப் பிரசவ நேரம், இந்தச் சமயத்தில் அவரை வெளியே இழுப்பது சரியா என்று கேட்டேன். கேட்டது நியாயமான கேள்விதான். அதன் பிறகு அப்பா அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதை நிறுத்திவிட்டார். கோவிந்தன் மாமா சில நாள் பார்த்தார். பிறகு வேறு துணை தேடிக்கொண்டார்.

வேலைக்கு வரும் லூர்துதான் முதலில் கவனித்தாள். ஜீவனஹள்ளியிலிருந்து வருகிறவள், பதிமூன்றாம் நாள் உங்களுக்குப் பந்தி இலை எடுத்துப் போட்டாளே, அவள்தான்.

"இன்னாம்மா, தாத்தா ரூமவுட்டு வெளியவே வர மாட்றாரு? ஒடம்பு எதுனா சரியில்லியா?"

"வயசாச்சு லூர்து. ஓய்வா இருக்கட்டும்."

"ஓய்வா? நா பெருக்கப் போனா காலத் தூக்கிக் கட்டில் மேல வெச்சிக்கினு, 'ஒனக்கு எடைஞ்சலா இருக்கேனாம்மா'ன்னு கேக்குறாரு. எங்கூட்டு ஆளு இப்டி கேட்டா விவேக் நகர் கோயிலுக்கு இட்டுகினு போயி ஃபாதராண்ட ஜெபம் பண்ணச் சொல்லுவேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. படித்தவள் இல்லை, அவளிடம் செல்லுபடியாகிற ஆங்கில வார்த்தை எதுவும் கிடையாது.

இப்போது உங்களைப் பற்றிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார் இல்லையா? மைசூர் மழை, உங்கள் பரத்தின் பரீட்சை, காய்கறி விலை என்று பேசிக்கொண்டே இருப்பார். தீபாவளிக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், "அப்பாக்கு என் மேல கோவமா? நான் தீபாவளிக்கு வரலைன்னு வருத்தமா?" நான் சொன்னேன், "கோவமெல்லாம் இல்லைக்கா. இப்பல்லாம் யாரோடயும் பேசறதில்லை." கோபம் இல்லை என்றது உண்மை. அவர் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது நான்தான் பக்கத்தில் போய்ச் சொன்னேன், "அக்கா வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் இருப்பா. மாமியாரும் முடியாம படுத்துண்டிருக்கார். அந்த நேரத்துல..." முழுதாகக்கூடச் சொல்லவில்லை. அவர் ரிசீவரைக் கீழே வைத்தார்.

"ஆமாம். அவளுக்கு வேணும்னா அவளே கூப்பிடுவா."

நீங்கள் கூப்பிடவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோம் என்று அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொள்ளுவார், படிக்கமாட்டார். மணி அடிக்காமல் மத்தியானம் ஆனதும் எழுந்து போய்விடுவார். இதை நான் பார்த்தேன். எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரே லைனில்தான் எனக்கு இன்டர்நெட்டும் வர வேண்டும். நீங்கள் இருவரும் பேசினால் என் வேலை பாதியில் அறுந்துபோகும். காரணம் அவ்வளவுதான் அக்கா. பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேட வேண்டாம்.

அவர் இளைத்தது எனக்குத் தெரிந்தது. மறுமுறை சாதம் கேட்பதை விட்டுவிட்டார். நான் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே சில நாள் எனக்கு மறந்துபோகும். ஹெலன் அந்தச் சமயத்தில்தான் என் வேலையைப் பாராட்டி எழுதினாள். சுஹாஸ்கூட ஒரு நாள், "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு, நீ அப்பாவை நன்னா பழக்கிட்டே" என்றார். பழக்கிவிட்டேன் என்ற வார்த்தையை அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலை மாத்திரை கொடுக்கும்போது, நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலி வந்தா ஒண்ணு வெச்சுட்டு உடனே கூட்டிண்டு வாங்கோ, ஒரு நிமிஷம் யோசிக்காதீங்கோ" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பாட்டிலை என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, வேறு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது? நல்ல எண்ணத்தில்தான் வைத்தேன். அவர்கூட, "உன்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா கேட்டு வாங்கிக்கறேன்" என்றார்.

இனி ஒரு மாதம் எனக்குத் துணையாக வந்து இருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் அப்பா வீடு, நீங்கள் வர யாரைக் கேட்க வேண்டும்? உங்களை வரவிடாமல் தடுக்கத்தான் இதையெல்லாம் சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

அன்றைக்கு சுஹாஸ் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருந்தார். லூர்து பாத்திரம் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மத்தியானம் ஹெலன் கூப்பிடும் நேரம். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் அறையில் இருந்தேன். கதவு மூடியிருந்தது. செருப்புச் சத்தம் வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, நடுவில் ஒரு தரம் நின்று, வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று தெரிந்தது. கதவுக்கு வெளியே வந்து நின்றார். பல மாதங்களாக அவர் என் கதவைத் தட்டியதில்லை. அன்று தட்டினார்.

"வித்யா... மே ஐ..."

மிச்சம் வரவில்லை. மூச்சு அந்த இடத்தில் அறுந்துபோயிற்று. எங்கள் அப்பா கரூரில் தறிக்கடைக்காரர் வீட்டு வாசலில் மாரடைப்பில் சரிந்து உட்கார்ந்த அன்று இப்படித்தான் பேசினார், பாதிப் பாதி வார்த்தையாக. அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் எனக்கு இந்தக் குரல் என்னவென்று தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தது. இழுப்பறையில் கைக்கு எட்டும் தூரத்தில் பாட்டில் இருந்ததும் தெரிந்தது.

"ஃபோன் கால்ல இருக்கேன்ப்பா" என்றேன்.

அவர் போகவில்லை. நின்றார். கதவுக்குக் கீழே இடைவெளியில் அவருடைய பாதம் தெரிந்தது. தள்ளினால் திறந்துகொள்ளும் கதவு அக்கா, உங்களுக்குத் தெரியும். அவர் கட்டிய வீடு. எத்தனையோ முறை கேட்காமல் தள்ளிக்கொண்டு வந்த கதவு. தள்ளுவார் என்று நான் காத்திருந்தேன். தள்ளியிருந்தால் எழுந்திருப்பேன், மாத்திரையைக் கொடுத்திருப்பேன், ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடியிருப்பேன். இதை நான் நிஜமாகவே நம்புகிறேன். அவர் தள்ளவில்லை.

பாதம் திரும்பியது. சத்தம் அவர் அறைவரை போனது. கட்டில் கிறீச்சிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் உடனே எழுந்து போகவில்லை. மேஜையில் இருந்த காபியைக் குடித்து முடித்தேன். அது நன்றாக ஆறியிருந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் இருந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன், எல்லாம் முடிந்திருந்தது என்றுதான் டாக்டரிடமும் சுஹாஸிடமும் சொன்னேன். "பாவம், வேலை நடுவுல நீ என்ன பண்ணுவே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். திரும்பிப் போவதற்கு முன்னால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா. பரவாயில்லை. நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

ஹெலன் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டாள், நாளைக்குப் பேச வேண்டாம், நாளை மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று. கதவுக்கு இந்தப் பக்கம் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.